நூறு புள்ளி நாலு

இரவு பதினொன்றே முக்கால். இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். உடம்பு லேசாகக் கணகணவென்று இருந்தது. குளிர் இல்லை, இருமல் இல்லை, தொண்டையில் வலி இல்லை. தெர்மாமீட்டர் 100.6 காட்டியது. என் கணவர் அலமாரியைத் திறந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்தார். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு அதுதான் வைத்தியம். ஒரு மாத்திரை, ஒரு தம்ளர் மிளகு ரசம், மற்றதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கீமோ பிரிவு சிஸ்டர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. '100.4 தாண்டினால் உடனே போன். எந்த நேரமானாலும். மாத்திரை போடக் கூடாது.' கீழே ஒரு கைபேசி எண்.

பகலெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டுத் தூங்கும் ஒருவரை எழுப்பக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். போன் இரண்டு முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு எத்தனாவது நாள் டீச்சர்?"

"பத்து."

"நடுக்கம் இருக்கா? மூச்சு வாங்குதா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

சொன்னேன்.

"மாத்திரை போடலைல்ல? சரி. சாரைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புங்க. காலையில வர்றோம்னு மட்டும் சொல்லாதீங்க. நான் அவசரப் பிரிவுக்குப் பேசிடறேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் தயாராக இருந்தது. இரத்தம் எடுத்தார்கள். சோதனை முடிவு வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கிவிட்டது. விடிகாலையில் முடிவு வந்தது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் எனக்கு 700 இருந்தன. அவற்றில் கிருமிகளோடு முதலில் மல்லுக்கு நிற்கும் நியூட்ரோபில் வெறும் 140. விடியட்டும் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் உங்களை ஐ.சி.யு.வில்தான் பார்த்திருப்பேன் என்றார் மருத்துவர்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் தாவரவியல் நடத்தியவள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 54. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு கீமோ, அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. பதினாறு முறை அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு முறையும் பக்கத்தில் இருந்தவர் அந்த சிஸ்டர். அறுவை செய்தவருக்கும் மருந்து எழுதியவருக்கும் நான் கடன்பட்டவள்தான். ஆனால் சிஸ்டருக்குப் பட்ட கடனைச் சொல்லப் போனால் அது அறிவியல் பாடமாக நீள்கிறது. 'அன்பாகப் பார்த்துக்கொண்டார்' என்ற ஒற்றை வாக்கியத்தில் அதை முடித்துவிட எனக்கு மனமில்லை. அவருடைய ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஓர் உயிரியல் இருந்தது. அதை எழுதினால்தான் நன்றி முழுமையாகும்.

அந்த இரவின் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன். எத்தனாவது நாள் என்று முதலில் ஏன் கேட்டார்?

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்லை அவை அடிக்கும். நம் உடம்பிலும் அப்படிப் பெருகும் இடங்கள் உண்டு. முடியின் வேர், வாயிலிருந்து குடல் வரையுள்ள உள்தோல், எலும்பு மஜ்ஜை. மஜ்ஜை ஒரு நாளில் உற்பத்தி செய்யும் நியூட்ரோபில்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10,000 கோடி. இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம் அவற்றின் அற்ப ஆயுள். இரத்தத்தில் இறங்கிய நியூட்ரோபில் சில மணி நேரமோ சில நாளோதான் தாங்கும். கீமோ ஏறிய அன்றே உற்பத்தி அடிவாங்குகிறது. ஆனாலும் மஜ்ஜையில் முன்பே உருவாகி முதிர்ந்துகொண்டிருக்கும் சேமிப்பு ஒரு வாரத்துக்கு ஈடுகொடுக்கும். அதனால்தான் கீமோ போட்ட மறுநாள் நன்றாகவே இருக்கிறோம். சேமிப்பு தீர்ந்து புதிய உற்பத்தி தொடங்காத இடைவெளி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வருகிறது. நோயாளிகளுக்குள் நாங்கள் 'கவுன்ட் இறங்குற வாரம்' என்று சொல்லிக்கொள்வோம். நான் பத்து என்று சொன்னதுமே, சோதனைக்கூடம் விடிகாலையில் சொல்லப்போவதை அவர் ஊகித்துவிட்டார்.

அடுத்தது, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத வெறும் காய்ச்சலுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? புண் சீழ் பிடிப்பதைப் பார்த்திருப்போம். அந்தச் சீழ், கிருமியோடு போராடிச் செத்த நியூட்ரோபில்களின் குவியல். சிவப்பு, வீக்கம், சளி, மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் படலம் என்று நோய்த்தொற்றின் அடையாளமாக நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, உடம்பு திருப்பித் தாக்கும்போது உண்டாகும் தடயங்கள். தாக்க ஆளே இல்லாதபோது தடயமும் இருக்காது. கிருமி சத்தமில்லாமல் இரத்தத்தில் பரவும். பல நேரங்களில் அது வெளியிலிருந்து வந்த கிருமியாகக்கூட இருக்காது. காலமெல்லாம் நம் குடலில் சாதுவாக இருந்த பாக்டீரியாவே, கீமோவால் நைந்துபோன குடல்சுவர் வழியாக இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது மிஞ்சியிருக்கும் ஒரே எச்சரிக்கை மணி காய்ச்சல். பாராசிட்டமால் கிருமியை ஒன்றும் செய்யாது, மணியின் நாக்கை மட்டும் கட்டிவிடும்.

சிறுநீரைப் பற்றிய கேள்விக்கும் காரணம் இருந்தது. தொற்று இரத்தத்தில் முற்றினால் இரத்த அழுத்தம் சரியும். அழுத்தம் சரிந்தால் சிறுநீரகம் சிறுநீர் பிரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தமானி இல்லாத வீட்டில், போனில் கேட்டு அதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. நடுக்கமும் மூச்சுவாங்கலும் அதே கணக்குத்தான். முக்கால் நிமிடத்தில் அவர் ஒரு முழுப் பரிசோதனையை முடித்திருந்தார்.

இந்த அறிவு மருத்துவ உலகத்துக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. நியூட்ரோபில் எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று எப்படி ஏறுகிறது என்பதை இரத்தப் புற்றுநோயாளிகளிடம் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஜெரால்ட் போடே என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும். ஆண்டு 1966. ஆனாலும் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பதுதான் முறை என்ற எண்ணம் நீடித்தது. கிருமி வளர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் பலர் இறந்துபோனார்கள். முடிவுக்குக் காத்திராமல் காய்ச்சல் கண்டதுமே மருந்தைத் தொடங்கினால் பிழைக்கிறார்கள் என்று ஸ்டீபன் ஷிம்ப்ஃபும் சகாக்களும் 1971இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை. நோயாளி மருத்துவமனைக்குள் வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரக் கணக்கு மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது. வீட்டில் தெர்மாமீட்டரைத் தேடிய நேரம், மாத்திரை போட்டுப் பார்ப்போமே என்று கழித்த நேரம், ஆட்டோ கிடைக்குமா என்று யோசித்த நேரம் எந்த வழிகாட்டி நெறியிலும் வருவதில்லை. அந்த நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது பிரிட்ஜ் கதவில் இருந்த மூன்று வரி.

நான் தாவரவியல்காரி என்பதால், நியூட்ரோபிலுக்கும் ஒரு செடிக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நம் கோயில் நந்தவனத்திலும் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அதன் இலையைக் கஷாயமாக்கிக் குடித்தால் சர்க்கரை நோய் தீரும் என்ற நம்பிக்கை ஜமைக்காவில் இருந்தது. 1952இல் அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தார்கள். சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின. வேறொருவர் 'தோற்ற சோதனை' என்று குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளணுக்களை ஒடுக்கும் பொருள், வெள்ளணுக்கள் வெறிபிடித்துப் பெருகும் நோயையும் ஒடுக்குமே என்று அவர்கள் யோசித்தார்கள். வின்பிளாஸ்டின் அப்படித்தான் கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னால் வின்கிறிஸ்டினும் வந்தது. எந்த ஆபத்தில் நான் அன்றிரவு சிக்கினேனோ, அதே ஆபத்துத்தான் அந்த மருந்தையே காட்டிக்கொடுத்தது.

எனக்கு அடுத்த நாற்காலியில் நிணநீர்ப் புற்றுநோய்க்காக வரும் ஓர் இளைஞனுக்கு வின்கிறிஸ்டின் ஏறும். சிஸ்டர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வரும்போது இன்னொரு சிஸ்டரும் கூடவே வருவார். ஒருவர் பெயரையும் பதிவு எண்ணையும் மருந்தையும் அளவையும் சத்தமாகப் படிப்பார், மற்றவர் கோப்பைப் பார்ப்பார். பிறகு பையனிடமே பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பார்கள். எட்டு மாதமாகப் பார்த்துப் பழகிய பையனிடம் "உன் பேர் என்னப்பா?" என்று கேட்பது எனக்கு முதலில் வேடிக்கையாகப் பட்டது. காரணம் தெரிந்த பிறகு அப்படிப் படவில்லை. வின்கிறிஸ்டின் சிரைக்குள் போனால் மருந்து. தவறுதலாக முதுகுத்தண்டின் நீருக்குள் போனால், அநேகமாக உயிர் போய்விடும். வேறொரு மருந்தை முதுகில் ஏற்றும் அதே நாளில் சிரிஞ்சு மாறி இப்படி நேர்ந்த மரணங்கள் பல நாடுகளில் உண்டு. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சிறு பையில் கரைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விட்டது. பையை முதுகுத்தண்டு ஊசியில் யாரும் தவறிக்கூட மாட்ட மாட்டார்கள்.

என்னுடைய முதல் நான்கு தவணையில் இரண்டு மருந்துகள். ஒன்று சைக்ளோபாஸ்பமைடு, முதல் உலகப்போரில் வீசப்பட்ட கடுகு வாயுவின் தூரத்து வாரிசு. மற்றது டாக்சோரூபிசின். ரோஸ்மில்க்கைவிட அடர்ந்த சிவப்பு. இத்தாலியில் ஒரு பழைய கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரின் வழிவந்தது. இந்தச் சிவப்பு மருந்தை ஏற்றுவதற்கு முன் சிஸ்டர் என் கையை வெந்நீர்த் துணியால் ஒற்றி, ஐந்து நிமிடமாவது தடவித் தடவி நரம்பு பார்ப்பார். நரம்பு என்று நாம் சொல்வது, பாடப்புத்தகத்தில் சிரை. முழங்கை மடிப்பில் பளிச்சென்று ஒன்று தெரியும், அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார். அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தொடவே மாட்டார். முன்கையில் நேராக ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓடும் சலைனோடு சேர்த்துத் தன் கையாலேயே மெதுவாகத் தள்ளுவார். சில மில்லிக்கு ஒருமுறை பின்னால் இழுத்து, குழாயில் இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். "எரியுதா டீச்சர்? சுருக்குனு இருக்கா? இருந்தா உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது."

பொறுத்துக்கொள்வது நம் பெண்களுக்குப் பழகிப்போனது. இந்த மருந்தில் அது ஆபத்து. டாக்சோரூபிசின் சிரையை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். செல் சாகும். சாதாரண நஞ்சாக இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். இதுவோ செத்த செல்லிலிருந்து விடுபட்டு அடுத்த செல்லுக்குப் போகும். அதனால் புண் வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போய், தசைநார் வரை அரித்துவிடும். முழங்கை மடிப்பை அவர் ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான். அங்கே கசிவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது, புண்ணானால் கையை மடக்க முடியாமல் போகும். கசிந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் மருந்துக்கு மருந்து வேறுபடும். டாக்சோரூபிசின் என்றால் ஐஸ் ஒத்தடம், பரவாமல் ஒரே இடத்தில் நிற்க. வின்கிறிஸ்டின் என்றால் வெந்நீர் ஒத்தடம், பரவி நீர்த்துப்போக. மாற்றிச் செய்தால் சேதம் கூடும். இது மருந்துச்சீட்டில் எழுதியிருக்காது. நெருக்கடி நேரத்தில் புத்தகம் புரட்டவும் முடியாது.

ஐந்தாவது தவணையிலிருந்து பாக்லிடாக்சல். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. இது தண்ணீரில் கரையாது, ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்து வருகிறது. மருந்தைவிட இந்தக் கரைப்பான்தான் சிலருக்கு ஒவ்வாமல் மூச்சடைப்பையும் அழுத்தச் சரிவையும் கொண்டுவரும். வந்தால் முதல் ஓரிரு தவணைகளில், ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். முந்தின இரவு ஸ்டீராய்டு மாத்திரை போட்டேனா என்று அவர் போன் செய்து கேட்டதும், மருந்து ஏறத் தொடங்கியதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்ததும் இதற்காகத்தான். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் யார் கூப்பிட்டாலும் எழுந்து போக மாட்டார். என் பேரன் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பார். நான் பேசும் வாக்கியம் முழுதாக முடிகிறதா, நடுவில் மூச்சுக்கு நிற்கிறேனா என்பதையும் அவர் காது அளந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பாக்லிடாக்சல் நாட்களில் அவர் கேட்ட இன்னொரு கேள்வியை என்னால் மறக்க முடியாது. "ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதா? செருப்பு காலை விட்டுக் கழண்டா தெரியுதா, இல்ல நாலு அடி நடந்தப்புறம்தான் தெரியுதா?"

செல் பிரியும்போது மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உண்டு. கட்டிக் கட்டிப் பிரித்துக்கொண்டே இருக்கும் சாரம் போன்றவை. வின்கிறிஸ்டின் சாரத்தைக் கட்ட விடாது. பாக்லிடாக்சல் கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது. இரண்டிலும் செல் பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்டு சாகும். ஆனால் இதே இழைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை ஒரு மீட்டர் நீளம் ஓடும் நரம்புச் செல்லின் உள்ளே இவைதான் தண்டவாளம். சத்தும் சரக்கும் அந்த வழியாகத்தான் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியிலும் பாதத்திலும் தொடங்குகிறது. மருத்துவர் 'கை கால் மரத்துப்போகிறதா' என்று கேட்டபோது நான் 'கொஞ்சம்' என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? கொக்கியும் செருப்பும் அதை அளவாக மாற்றிவிட்டன. ஒன்பதாவது வாரம், செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டதை நடுக்கூடம் வந்தபிறகுதான் கவனித்தேன் என்றேன். சிஸ்டர் உடனே மருத்துவரைப் பார்க்கப் போனார். மருந்தின் அளவு குறைந்தது. நான் இன்று இதைப் பேனா பிடித்து எழுதுகிறேன்.

வாந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஓரளவு வென்ற போர் அது. கீமோ பட்டதும் குடல்சுவரின் சில செல்கள் செரட்டோனினைக் கொட்டும். வேகஸ் நரம்பு அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும். ஒன்டான்செட்ரான், நம் ஊரில் எல்லோரும் எமிசெட் என்கிறார்களே, அது அந்தச் சேதியை வழியில் மறிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வருவதற்கு முன், வாந்திக்குப் பயந்தே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். ஆனால் மாத்திரை மறிக்க முடியாத ஒரு வாந்தி இருக்கிறது. மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். அதே பழக்கம்தான். முதல் தவணைகளில் மோசமாக வாந்தி எடுத்தவரின் மூளை, மருத்துவமனையின் வாசனையையும் நாற்காலியின் நிறத்தையும் வாந்தியோடு முடிச்சுப்போட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு ஊசி போடும் முன்பே, வாசலில் இறங்கும்போதே குமட்டும். முதல் தவணையிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொண்டால் முடிச்சு விழாது. அதனால்தான், வாந்தி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நான் மிச்சம்பிடித்த மாத்திரைகளைப் பார்த்து சிஸ்டர் கோபப்பட்டார்.

அந்த முடிச்சில் நர்ஸின் முகமும் சேர்ந்துவிடுவதுண்டு. "ஜவுளிக்கடையில ஒரு அம்மா என்னைப் பாத்தாங்க டீச்சர். நல்லாகிப் போனவங்க. சிரிச்சுக்கிட்டே கிட்ட வந்தாங்க. அப்படியே வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வெளியில யாரையாவது பாத்தா நானே தெரியாத மாதிரி விலகிப் போயிருவேன்." வருத்தம் எதுவும் இல்லாமல் இதைச் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. யாரைப் பிழைக்க வைத்தாரோ, அவர்கள் நலனுக்காகவே அவர்கள் கண்ணில் படாமல் நடப்பது!

அவர் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் கேட்க வேண்டும். பின்லாந்தில் கீமோ மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரைச் சோதித்தவர்கள், மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் தன்மை அதில் இருப்பதைக் கண்டு 1979இல் வெளியிட்டார்கள். நோயாளிக்கு ஒரு வருடம். நர்ஸுக்கோ தினமும், வருடக்கணக்காக. இரட்டைக் கையுறை, நீர் புகாத மேலங்கி, காற்றை உறிஞ்சி வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்து கலப்பது எல்லாம் அதன் பிறகு பரவிய பாதுகாப்பு. சிகிச்சை முடிந்த இரண்டு நாள் வரை கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள் என்று அவர் எங்களிடம் சொன்னதும் அதையொட்டித்தான். கையுறை தீர்ந்துபோன நாளில் நிர்வாகத்திடம் சண்டை போட்டு, வரும்வரை மருந்தைத் தொட மாட்டேன் என்று அவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் காத்திருந்த நாங்கள் சிலர் முணுமுணுத்தோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

இவ்வளவும் ஒரு நல்ல மனுஷியின் தனிப்பட்ட குணம் என்று யாராவது சொல்லலாம். அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். முற்றிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவந்த 766 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினர், வலி, குமட்டல், மூச்சுத்திணறல், மரமரப்பு போன்ற பன்னிரண்டு தொந்தரவுகளைக் கணினியில் அவ்வப்போது பதிவு செய்தார்கள். ஏதாவது ஒன்று கடுமையானாலோ கூடினாலோ நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும், நர்ஸ் தொடர்புகொண்டு வேண்டியதைச் செய்வார். மருந்து இரு பிரிவினருக்கும் ஒரே வகைதான். 2017இல் முடிவு வெளியானது. வழக்கமான பிரிவினரின் இடைநிலை ஆயுள் 26 மாதம். சொல்லவும் கேட்கவும் ஆள் இருந்த பிரிவினருக்கு 31.2 மாதம். ஐந்து மாதத்துக்கும் மேல் கூடுதல். அந்தப் பிரிவினரால் கீமோவைத் தாக்குப்பிடித்து அதிக நாள் தொடரவும் முடிந்தது. முற்றிய புற்றுநோயில் ஒரு புதிய மாத்திரை இரண்டு மாத ஆயுளைக் கூட்டினாலே செய்தித்தாளில் தலைப்பு வரும், லட்சக்கணக்கில் விலையும் வைப்பார்கள்.

நர்ஸின் கையில் எத்தனை நோயாளிகள் என்பதையும் அளந்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற இரண்டே கால் லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை லிண்டா ஐகென் குழுவினர் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு முறையும், முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. அது புற்றுநோய்க்கான தனி ஆய்வு இல்லை. ஆனால் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பதினைந்து நிமிடத்தை, அவருக்கு இன்னும் நாலு நாற்காலி கூடுதலாக இருந்திருந்தால் அவர் எங்கிருந்து எடுத்திருப்பார்?

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆனபோது பரிசோதனைக்குப் போனேன். ஒரு புடவையும், எங்கள் தோட்டத்து நார்த்தங்காயில் போட்ட ஊறுகாயும் எடுத்துக்கொண்டு கீமோ பிரிவுக்குள் நுழைந்தேன். என் வயிறு லேசாகப் புரளத்தான் செய்தது, பரவாயில்லை என்று போனேன். அவர் இல்லை. சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். பிரசவ வார்டில் தேடிக் கண்டுபிடித்தேன். பச்சைக் குழந்தை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கேயும் நன்றாகத்தான் வேலை பார்ப்பார், சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது வருடம் கை பார்த்து, முகம் பார்த்து, பேச்சில் மூச்சைக் கேட்டுச் சேர்த்த அறிவு மூன்றாவது மாடியில் நின்றுபோயிருந்தது. அவர் இருந்த இடத்தில் புதிதாக வந்திருந்த பெண் பயத்தோடு சிவப்பு மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்ததையும் வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பிரிட்டனில் மேக்மில்லன் அமைப்பு 1975இலிருந்து புற்றுநோய்க்கென்றே நர்ஸ்களை உருவாக்கிவருகிறது. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளின் அனுபவத்தைக் கேட்கும் தேசியக் கணக்கெடுப்பில், உங்களுக்கென்று தனி நர்ஸ் யார் என்று சொன்னார்களா, அவரைத் தொடர்புகொள்வது சுலபமாக இருந்ததா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எண்ணிய காரியம் 1954இல் அடையாற்றில் மருத்துவமனையாக எழுந்த மாநிலம் இது. இந்திய நர்சிங் கவுன்சிலே புற்றுநோய் நர்சிங்கில் ஒரு வருடப் பட்டயப் படிப்பை வகுத்து வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி நம் நாட்டில் ஒரே வருடத்தில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சம் பேர். மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். புற்றுநோய் மருத்துவரை நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் சிகிச்சைக்கு மாற்றுவதில்லை. கீமோவில் தேர்ந்த நர்ஸையும் மாற்றாதீர்கள். அந்தப் படிப்புக்கு அனுப்புங்கள், படித்து வந்தால் அதற்கேற்ற பதவியும் சம்பளமும் கொடுங்கள். ராத்திரி வரும் போனுக்கு ஒரு மருத்துவமனை எண்ணும், முறை போட்டு எடுக்க நாலு பேரும் இருக்கட்டும். சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் ஒருத்தியே தூக்கத்தைத் தொலைத்தது எங்கள் பாக்கியம், அவருக்கு அநீதி.

உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடக்கிறதென்றால் இன்றே ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் சிஸ்டரிடம் கேட்டு, அந்த எண்ணைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். 100.4 காட்டினால் மாத்திரை போடாதீர்கள், விடியக் காத்திருக்காதீர்கள், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.